கடல் மீனுக்கு ஒரு தனித் தொட்டி: பையைத் திறப்பது முதல் மெயின் டேங்க் வரை

என் ஆறு அடி கடல்நீர்த் தொட்டியில் ஆறு மீன்கள் இரண்டு வருடம் எந்தத் தொந்தரவும் இல்லாமல் இருந்தன. ஒரு சனிக்கிழமை ஒரு கடையில் பவுடர் ப்ளூ டேங் என்ற மீன் ஒன்றைப் பார்த்தேன். வானத்தின் நீலம், முதுகில் மஞ்சள் கோடு. அன்று மாலையே கொண்டுவந்து நேராக மெயின் டேங்கில் விட்டுவிட்டேன். நாலாம் நாள் அதன் துடுப்பில் உப்புக் கல் ஒட்டியதுபோல ஏழெட்டு வெள்ளைப் புள்ளிகள். ஆறாம் நாள் ஒன்றுகூட இல்லை. சரியாகிவிட்டது என்று நிம்மதியாகத் தூங்கினேன். பத்து நாள் கழித்து ஏழு மீன் மேலும் புள்ளி. மூன்று வாரத்துக்குள் ஐந்து போய்விட்டன.

தொட்டி முழுக்கப் பாறையும் பவளமும் இருந்ததால் மருந்து ஊற்ற வழியில்லை. மீன்களைப் பிடித்து வைக்க வேறு தொட்டியும் இல்லை. தனியாகக் கண்ணாடித் தொட்டி ஒன்று தயாராக இருந்திருந்தால் அந்த மீன்கள் பிழைத்திருக்கும். அதனால் கடல்மீன் வளர்க்க ஆரம்பிக்கும் யாரிடமும் நான் முதலில் கேட்பது, "தனித் தொட்டி இருக்கா?" என்பதைத்தான். புது மீனை மெயின் டேங்கில் விடும் முன் தனியே வைத்துக் கவனிக்கும் க்வாரண்டைன் தொட்டி அது.

மீன் வாங்குவதற்கு ஒரு மாதம் முன்னால்

2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரம் உள்ள சாதாரணத் தொட்டி போதும். மேலே கொஞ்சம் இடம் விட்டு நிரப்பினால் 50 லிட்டர் பிடிக்கும். கோமாளி மீன், டேம்சல், சின்ன ராஸ் போன்றவற்றுக்கு இது சரி. டேங், ஏஞ்சல் என்றால் 3 அடித் தொட்டியாகப் பாருங்கள்.

அடியில் மணல் வேண்டாம், பாறையும் வேண்டாம். இரண்டும் மருந்தை உறிஞ்சும். ஒட்டுண்ணியின் முட்டைக் கூடுகள் ஒட்டிக்கொள்ளவும் இடம் கொடுக்கும். மீன் ஒளிந்துகொள்ள ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் பிவிசி எல்போ, டி பைப் நாலைந்து வாங்கிக் கழுவிப் போடுங்கள். ஒரு ஸ்பாஞ்ச் ஃபில்டர், ஏர் பம்ப், ஹீட்டர், தெர்மாமீட்டர், வலை மூடி. மூடியை மறக்காதீர்கள். பயந்த மீன் துள்ளும், அதிலும் ராஸும் ஃபயர்ஃபிஷும் சின்ன இடைவெளியிலேயே வெளியே வந்துவிடும். தொட்டியின் பின்பக்கமும் இரு ஓரங்களும் கறுப்புச் சார்ட் பேப்பரால் மறைந்திருக்கட்டும்.

உப்பு அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டரில் மட்டும் காசைப் பார்க்காதீர்கள். 35 பிபிடி (ஆயிரத்தில் 35 பங்கு உப்பு) திரவத்தை வைத்து மாதம் ஒருமுறை அதைச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும். அம்மோனியா டெஸ்ட் கிட்டும் காப்பர் (ஒட்டுண்ணியைக் கொல்லும் செம்பு மருந்து) டெஸ்ட் கிட்டும் மீன் வருவதற்கு முன்பே வீட்டில் இருக்க வேண்டும். கரண்ட் போனால் தாங்க பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் ஒன்றும் தேவை.

அந்த ஸ்பாஞ்சை இப்போதே மெயின் டேங்கின் சம்ப்பில் (கீழே இருக்கும் ஃபில்டர் தொட்டியில்) போட்டு வையுங்கள். நாலு முதல் ஆறு வாரத்தில் அம்மோனியாவைத் தின்னும் பாக்டீரியா அதில் குடியேறிவிடும். மீன் வரும் அன்று எடுத்துத் தனித் தொட்டியில் மாட்டினால் ஃபில்டர் முதல் மணியிலிருந்தே வேலை செய்யும். மெயின் டேங்கில் நோய் இல்லாதபோது மட்டும்தான் இப்படிச் செய்யலாம். மெயின் டேங்கே இன்னும் இல்லை என்றால் பாட்டில் பாக்டீரியா ஊற்றித் தனித் தொட்டியைத் தனியாகவே ஓட்டிப் பழக்குங்கள்.

இதற்கு இவ்வளவு அழுத்தம் கொடுக்கக் காரணம் இருக்கிறது. தனித் தொட்டியில் சாகும் மீன்களில் நிறைய நோயால் சாவதில்லை, அம்மோனியாவால் சாகின்றன. நன்னீர்த் தொட்டியில் ஓரளவு தாங்கக்கூடிய அம்மோனியா, பி.ஹெச் 8.2 உள்ள கடல்நீரில் பல மடங்கு விஷமாகிவிடும். "க்வாரண்டைன் பண்ணினதாலதான் மீன் செத்துச்சு" என்று சொல்பவர்களிடம் அம்மோனியா எவ்வளவு இருந்தது என்று கேட்டுப் பாருங்கள். அளந்தே பார்த்திருக்க மாட்டார்கள்.

தனித் தொட்டியை மெயின் டேங்கிலிருந்து 10 அடியாவது தள்ளி வையுங்கள், முடிந்தால் வேறு அறையில். ஏர் ஸ்டோன் தெறிக்கும் நீர்த்திவலையில்கூட வெல்வெட் ஒட்டுண்ணி பயணம் போகும். வலை, மக், ட்யூப் எல்லாம் தனி செட். தினமும் முதலில் மெயின் டேங்க் வேலையை முடியுங்கள், அப்புறம்தான் தனித் தொட்டி.

கடையில்

மீன் கடைக்கு வந்த அன்றே வாங்காதீர்கள். சரக்கு வந்து ஒரு வாரமாவது ஆகியிருக்கட்டும். உங்கள் கண் முன்னால் தீனி போடச் சொல்லுங்கள். நல்ல கடைக்காரர் மறுக்க மாட்டார். சென்னைக் கொளத்தூர் போல வரிசையாக மீன் கடைகள் இருக்கும் இடத்தில் அவசரப்பட வேண்டிய தேவையே இல்லை. அடுத்த வாரமும் மீன் வரும்.

இரண்டு கேள்வி கட்டாயம் கேளுங்கள். உங்கள் தண்ணீரின் உப்பு அளவு என்ன? தொட்டியில் காப்பர் இருக்கிறதா? பல கடைகளில் 1.018, 1.020 என்று (இது தண்ணீரின் அடர்த்தி எண், மெயின் டேங்கில் 1.025 இருக்கும்) உப்பைக் குறைத்தும், கொஞ்சம் காப்பர் போட்டும் வைத்திருப்பார்கள். அதில் தப்பில்லை. ஆனால் அந்த அரைகுறைக் காப்பர் நோயைக் கொல்லாமல் அடக்கி மட்டும் வைத்திருக்கும். சுத்தமான தண்ணீருக்கு வந்த நாலைந்து நாளில் நோய் வெளியே வரும். "கடையில நல்லாத்தானே இருந்துச்சு" என்ற புலம்பலுக்குப் பாதிக் காரணம் இதுதான்.

கோமாளி மீன் என்றால் பண்ணையில் பொரித்ததா என்று கேட்டு வாங்குங்கள். நம் மண்டபத்திலும் விழிஞ்ஞத்திலும் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் கோமாளி மீனைப் பொரிக்க வைத்துக் காட்டிப் பல வருடங்கள் ஆகிவிட்டன. தொட்டியிலேயே பிறந்த குஞ்சு தீனியும் எடுக்கும், நோயும் குறைவு.

பையைத் திறக்கும் நேரம்

பக்கத்துக் கடையிலிருந்து ஒரு மணி நேரத்தில் வந்த மீனும், ஆம்னி பஸ் பார்சலில் ராத்திரி முழுக்கப் பயணம் செய்து வந்த மீனும் ஒன்றல்ல. கட்டிய பைக்குள் மீன் மூச்சு விட விடக் கரியமில வாயு சேர்ந்து பி.ஹெச் இறங்கும். மீன் கழித்த அம்மோனியாவும் அதே தண்ணீரில்தான் இருக்கும், ஆனால் பி.ஹெச் குறைவாக இருப்பதால் அவ்வளவாகத் தாக்காது. பையைத் திறந்ததும் கரியமில வாயு வெளியேறும், பி.ஹெச் ஏறும், அதே அம்மோனியா சில நிமிடங்களில் விஷமாக மாறும். அந்தத் தண்ணீரில் மீனை வைத்துக்கொண்டு இரண்டு மணி நேரம் சொட்டுச் சொட்டாக விட்டுப் பழக்குவது மீனுக்குக் கொடுமை.

அதற்குப் பதில் இப்படிச் செய்யுங்கள். முந்தின நாளே கடையின் உப்பு அளவைக் கேட்டு, தனித் தொட்டித் தண்ணீரை அதே அளவில் தயார் பண்ணுங்கள். பையைக் கட்டு அவிழ்க்காமல் 20 நிமிடம் மிதக்க விட்டால் வெப்பம் சமமாகும். அப்புறம் திறந்து ஒரு சொட்டு எடுத்து ரிஃப்ராக்டோமீட்டரில் பாருங்கள். வித்தியாசம் 0.002-க்குள் இருந்தால் மீனை மட்டும் ஒரு கப்பில் எடுத்து விட்டுவிடலாம். தொட்டியில் உப்பு அதிகமாக இருந்தால் கொஞ்சம் ஆர்ஓ தண்ணீர் சேர்த்துக் குறையுங்கள். உப்பு குறைவதை மீன் எளிதில் தாங்கும், கூடுவதைத்தான் தாங்காது. பைத் தண்ணீர் ஒரு சொட்டுகூடத் தொட்டிக்குள் போகக் கூடாது. விளக்கை அணைத்துவிட்டு, அன்று அதைத் தனியாக விடுங்கள்.

முதல் மூன்று நாள்

வந்த மீன் வெளிறிப் போய் பைப்புக்குள் கிடக்கும். ஒரு நாள், இரண்டு நாள் சாப்பிடாது. இது களைப்பு, நோய் அல்ல. இதற்கு மருந்து இருட்டும் அமைதியும்தான். வீட்டில் குழந்தைகள் கண்ணாடியைத் தட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

களைப்பா நோயா என்று பிரித்துப் பார்க்க, புள்ளியைத் தேடுவதற்கு முன்னால் மூச்சைப் பாருங்கள். மீன் ஓய்வாக இருக்கும்போது கைபேசியில் 15 விநாடி வைத்து, செவுள் மூடி எத்தனை முறை திறக்கிறது என்று எண்ணி நாலால் பெருக்குங்கள். தினமும் ஒரே நேரத்தில் எண்ணி ஒரு நோட்டில் எழுதுங்கள். களைத்த மீனின் எண்ணிக்கை நாளுக்கு நாள் இறங்கும். செவுளில் ஒட்டுண்ணி இருக்கும் மீனின் எண்ணிக்கை ஏறும். உடம்பில் ஒரு புள்ளிகூட இல்லாமல் ஒரு பக்கச் செவுளை மூடிக்கொண்டு மறு பக்கத்தால் மட்டும் மூச்சு விடும் மீன்களைப் பார்த்திருக்கிறேன். அந்த நோட்டு இல்லையென்றால் கவனித்தே இருக்க மாட்டேன்.

தண்ணீர் 25 முதல் 27 டிகிரி இருக்கட்டும். சென்னை மே மாதத்தில் தண்ணீர் தானாகவே 31, 32-ஐத் தொடும். சூடு ஏறினால் தண்ணீரில் ஆக்சிஜன் குறையும், நோயுற்ற மீனுக்கு அதுவே எமன். மேலே சின்ன ஃபேன் வைத்தால் இரண்டு டிகிரி இறங்கும், ஆனால் தண்ணீர் ஆவியாகி உப்பு ஏறும். ஆவியானதை உப்பில்லாத ஆர்ஓ தண்ணீரால் தினமும் ஈடுகட்டுங்கள்.

தீனிக்கு ஆர்டீமியா, மைசிஸ் (இரண்டும் பொடி இறால் போன்றவை), அலசிப் பொடியாக நறுக்கிய பச்சை இறால். டேங் மீனுக்கு நோரி என்ற காய்ந்த கடல்பாசித் தாள். ஐந்து நிமிடத்தில் தின்னாததைச் சைஃபன் பண்ணி எடுத்துவிடுங்கள். அம்மோனியா 0.25 பிபிஎம் (லிட்டருக்கு 0.25 மில்லிகிராம்) தொட்டால் 10 லிட்டர் மாற்றுங்கள்.

என்ன நோய்?

இக்: கிரிப்டோகாரியோன் என்ற ஒட்டுண்ணி. உப்புக் கல் மாதிரி தனித்தனிப் புள்ளிகள். மீன் மேல் சில நாள், பெரும்பாலும் மூன்று முதல் ஏழு நாள் இருந்து தின்றுவிட்டுக் கீழே விழும். அடியில் ஒட்டிக் கூடு கட்டிக்கொள்ளும். அந்தக் கூடு வெடித்தால் ஒன்றிலிருந்து நூற்றுக்கணக்கில் புதிதாக நீந்திவரும். என் தொட்டியில் ஆறாம் நாள் புள்ளி மறைந்தது குணமானதால் அல்ல. பெருகுவதற்காகக் கீழே போயிருந்தது. புள்ளி மறைந்ததை வைத்து எந்த மருந்தையும் புகழாதீர்கள். பூண்டுச் சாற்றுக்குக் கிடைத்த பெயரெல்லாம் இந்த இடைவெளியில் கிடைத்ததுதான்.

வெல்வெட்: அமிலூடினியம். இதுதான் பயப்பட வேண்டியது. புள்ளிகள் மிகப் பொடியாக, மாவு தூவியதுபோல இருக்கும். டார்ச்சைச் சாய்த்து அடித்தால் மங்கிய தங்க நிறம் தெரியும். பல நேரம் அதுகூடத் தெரியாது. மூச்சு வேகமாகும், மீன் வெளிச்சத்தைத் தவிர்க்கும், பம்ப்பின் நீரோட்டத்துக்கு நேராக முகத்தை வைத்துக்கொண்டு நிற்கும். இரண்டு மூன்று நாளில் தொட்டியையே காலி பண்ணிவிடும்.

புரூக்ளினெல்லா: பெரும்பாலும் கடலில் பிடித்த கோமாளி மீனுக்கு வரும். சோப்பு நுரை காய்ந்ததுபோலத் தோல் சளியாக உரியும். காப்பருக்கு இது மசியாது, ஃபார்மலின் வேண்டும். ஃபார்மலின் மனிதருக்கும் நஞ்சு, புற்றுநோய் உண்டாக்கக் கூடியது. முதல் தடவை, செய்து பழகியவர் பக்கத்தில் இல்லாமல் தொடாதீர்கள். பாட்டிலின் அடியில் வெள்ளையாகப் படிந்திருந்தால் அதைப் பயன்படுத்தவே கூடாது.

செவுள் புழு, தோல் புழு: மீன் தலையை உதறும், பைப்பில் உரசும், கண் மங்கும். பிராசிகுவான்டல் என்ற புழு மருந்துக்குக் கேட்கும்: லிட்டருக்கு 2.5 மில்லிகிராம், ஐந்து முதல் ஏழு நாள் இடைவெளியில் இரண்டு முறை. மருந்து போட்டதும் தண்ணீர் கலங்கி ஆக்சிஜன் குறையலாம், ஏர் பம்ப்பைக் கூட்டி வையுங்கள்.

துடுப்பு நுனியில் காலிஃப்ளவர் மாதிரி வெள்ளைக் கட்டி வந்தால் அது லிம்போசிஸ்டிஸ் என்ற வைரஸ். மருந்து கிடையாது, தேவையும் இல்லை. நல்ல தண்ணீர், நல்ல தீனியில் தானே உதிரும்.

நன்னீர்க் குளியல்

எந்த நோய் என்று குழப்பமாக இருக்கும்போது இது கைகொடுக்கும். ஒரு கறுப்பு டப்பாவில் ஐந்து லிட்டர் ஆர்ஓ தண்ணீர் எடுத்து, ஏர் ஸ்டோன் போட்டு அரை மணி நேரம் ஓடவிடுங்கள். வெப்பம் தொட்டித் தண்ணீரோடு ஒத்திருக்க வேண்டும். சமையல் சோடாவைச் சிட்டிகை சிட்டிகையாகக் கரைத்து பி.ஹெச்-ஐத் தொட்டியின் அளவுக்குக் கொண்டுவாருங்கள். மீனை விட்டதும் ஒரு நிமிடம் செத்ததுபோலச் சாயலாம், பதறாதீர்கள். ஐந்து நிமிடம் வைத்திருந்தால் போதும். இடையில் மூச்சே நின்றதுபோலத் தெரிந்தால் உடனே எடுத்துவிடுங்கள்.

இப்போது டப்பாவின் அடியைப் பாருங்கள். ஒருமுறை ஒரு ஏஞ்சல் மீனைக் குளிப்பாட்டினேன். மீன் மேல் வெறும் கண்ணுக்கு எதுவுமே தெரியவில்லை. மூன்றாவது நிமிடத்தில் அதன் நெற்றியிலும் கண் ஓரத்திலும் வெள்ளை வெள்ளையாகத் தெரிய ஆரம்பித்து, ஒவ்வொன்றாகக் கழன்று விழுந்தன. அடியில் எள் தூவியதுபோல முப்பதுக்கு மேல் கிடந்தன. உயிரோடு இருக்கும்போது கண்ணாடி போல இருக்கும் புழு, நன்னீர் பட்டதும் வெளுத்துவிடும். அன்று மாலை அந்த மீன் முதல்முறையாக இறால் தின்றது. முழுச் சிகிச்சை இதுவல்ல, முட்டைகள் தொட்டியில் இருக்கும். அடுத்து பிராசிகுவான்டல் போட்டே ஆக வேண்டும். இக்குக்கு இந்தக் குளியல் பெரிதாகப் பயன்படாது, அது தோலுக்கு அடியில் இருக்கிறது. வெல்வெட்டுக்குக் காப்பர் ஏறும்வரை கொஞ்சம் மூச்சு வாங்க நேரம் கொடுக்கும்.

காப்பர்

இக்குக்கும் வெல்வெட்டுக்கும் நான் நம்புவது காப்பரைத்தான். மயில்துத்தம் வாங்கிக் கரைத்து ஊற்றலாம் என்று சிலர் சொல்வார்கள். வேண்டாம். கடல்நீரில் அது சீக்கிரம் படிந்துவிடும், அளவு நிலையாக நிற்காது. மீன் தொட்டிக்கென்றே வரும் காப்பர் பவர், குப்ரமைன் போன்றவற்றில் ஒன்றை வாங்குங்கள். இரண்டுக்கும் அளவு வேறு: காப்பர் பவர் 2.25 முதல் 2.5 பிபிஎம், குப்ரமைன் 0.5 பிபிஎம். காப்பர் பவரின் அளவில் குப்ரமைனை ஊற்றினால் மீன் மிஞ்சாது. பாட்டிலின் மேல் மார்க்கர் பேனாவால் எண்ணைப் பெரிதாக எழுதி வையுங்கள்.

மீன் சாப்பிட ஆரம்பித்த பிறகு தொடங்கி, நாலைந்து நாளில் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுங்கள். வெல்வெட் என்று உறுதியானால் மட்டும் இரண்டு நாளுக்குள் முழு அளவுக்குப் போய்விடலாம். அளவைத் தொட்ட நாளிலிருந்து 30 நாள். நடுவில் ஒரு நாள் இறங்கினாலும் எண்ணிக்கை ஒன்றிலிருந்து ஆரம்பிக்கும். நிறம் பார்க்கும் கிட்டில் 2-க்கும் 2.5-க்கும் வித்தியாசம் கண்டுபிடிப்பது கஷ்டம், எண்ணைக் காட்டும் ஹன்னா காப்பர் செக்கர் வாங்க முடிந்தால் வாங்குங்கள்.

புதியவர்கள் தவறும் இடம் தண்ணீர் மாற்றும்போதுதான். 10 லிட்டர் எடுத்தால் 10 லிட்டருக்கான காப்பரும் போய்விட்டது; புதுத் தண்ணீரை ஊற்றுவதற்கு முன் அதில் அதே அளவு காப்பர் கலக்க வேண்டும். ஆவியான தண்ணீரை ஈடுகட்டும்போது காப்பர் கலக்கக் கூடாது, ஏனென்றால் அது எங்கும் போகவில்லை, தொட்டியிலேயே இருக்கிறது. இந்த இரண்டையும் மாற்றிச் செய்தால் அளவு தாறுமாறாகிவிடும். மருந்தை உறிஞ்சும் கரியான கார்பனும் யூவி விளக்கும் இந்த நாட்களில் கூடாது. அம்மோனியாவை அடக்கும் திரவங்களைக் குப்ரமைனோடு கலக்கவே கூடாது, தண்ணீர் மாற்றுவதுதான் வழி.

சிங்க மீன், பஃபர், மொரே, மாண்டரின் போன்றவை காப்பரைத் தாங்குவது கடினம். அவற்றுக்கு இக் வந்தால் டப்பா மாற்றும் முறை இருக்கிறது. கீழே விழுந்த கூடு வெடிக்க மூன்று நாளாவது ஆகும் என்பதால், 72 மணி நேரத்துக்குள் மீனைப் புதுத் தண்ணீருள்ள வேறு டப்பாவுக்கு மாற்றிக்கொண்டே போவது. நாலு முறை மாற்றினால் 13-ஆம் நாள் இக் இல்லாத மீன். விட்டுவந்த டப்பா, பைப், ஏர் ஸ்டோன் எல்லாம் கழுவி, துளி ஈரமில்லாமல் காய்ந்த பிறகே மறுபடி பயன்பட வேண்டும். வெல்வெட்டுக்கு இந்த முறை உதவாது.

மெயின் டேங்கிலேயே நோய் வந்துவிட்டால்

எல்லா மீன்களையும் வெளியே எடுக்க வேண்டும். நன்றாக இருப்பதுபோலத் தெரிவதையும் சேர்த்துத்தான். பாறையைக் கலைக்க மனம் வராது, எனக்கும் வரவில்லை. அதற்கான விலையைக் கொடுத்தேன். காப்பரை மெயின் டேங்கில் ஊற்றாதீர்கள், இறால், நத்தை, பவளம் எல்லாம் செத்துவிடும், பாறையும் காப்பரைக் குடித்து வைத்துக்கொள்ளும். பவளத்துக்குக் கெடுதல் இல்லை என்று விற்கும் இக் மருந்துகளில் இக்கைக் கொன்ற எதையும் நான் பார்க்கவில்லை.

மீன் இல்லாத தொட்டியை 76 நாள் அப்படியே ஓட விடுங்கள். தங்க உடம்பு கிடைக்காமல் ஒட்டுண்ணி அழிந்துவிடும். தினம் ஒரு சிட்டிகை தீனி போட்டு வந்தால் இறால்களும் பாக்டீரியாவும் பட்டினி கிடக்காது. இந்த 76 நாளில் ஒரு மீனைக்கூட உள்ளே விடக் கூடாது. புதிதாகப் பவளமோ நத்தையோ வாங்கினாலும் அதன் மேல் கூடு ஒட்டி வரலாம், அதையும் மீன் இல்லாத வேறு தொட்டியில் இதே அளவு நாள் வையுங்கள்.

மாற்றும் நாள்

30 நாள் முடிந்ததும் கார்பன் போட்டு, இரண்டு மூன்று முறை தண்ணீர் மாற்றிக் காப்பரை எடுத்துவிடுங்கள். பிராசிகுவான்டல் இன்னும் போடவில்லை என்றால் இப்போது போடலாம். அதன் பிறகு இரண்டு வாரம் மருந்தே இல்லாத தண்ணீரில் சும்மா கவனியுங்கள். எனக்கு மிகப் பிடித்த நாட்கள் இவை. மீன் உங்களை அடையாளம் கண்டு கண்ணாடி அருகே வரும், நோட்டில் மூச்சு எண்ணிக்கை ஒரே அளவாக நிற்கும். உப்பு 1.020-ல் இருந்தால் நாளுக்கு 0.001 வீதம் ஏற்றி மெயின் டேங்கின் 1.025-க்குக் கொண்டுவந்துவிடுங்கள்.

மாற்றும்போதும் மீன் மட்டும்தான் போக வேண்டும், தண்ணீர் அல்ல. பழைய மீன்கள் சண்டைக்கு வரும் வகை என்றால், ஓட்டையுள்ள பிளாஸ்டிக் பெட்டியில் புதியதை இரண்டு மூன்று நாள் உள்ளேயே மிதக்க விட்டுப் பிறகு திறங்கள்.

தனித் தொட்டியின் ஸ்பாஞ்சு காப்பரில் ஊறியது, அது சம்ப்புக்குத் திரும்பக் கூடாது. தொட்டியையும் பைப்புகளையும் பிளீச்சிங் கரைசலில் கழுவி, நிறையத் தண்ணீரில் அலசி, மொட்டைமாடியில் இரண்டு நாள் வெயிலில் காயவையுங்கள். அன்றைக்கே புது ஸ்பாஞ்ச் ஒன்றைச் சம்ப்பில் போட்டுவிடுங்கள், அடுத்த மீனுக்கு.